முடி வெட்டப் போனவர் வீட்டு விருந்து

டிரைவர் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி நாலு மாதம் ஆகியிருந்தது. சலூன்காரரைக் கேட்டார்கள். வந்தார், உட்கார்ந்தார், காதோரம் இன்னும் கொஞ்சம் குறையுங்கள் என்றார், படித்த பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார் என்று சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் எந்தப் பஸ்ஸில் ஏறி ஊரைவிட்டுப் போனார் என்று ஒரு கண்டக்டருக்கும் தெரியவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, வியாதி இல்லை. ரொட்டியில் வெண்ணெய் போதவில்லை என்று அன்று காலையில் சொன்னதுதான் அவர் அந்த வீட்டில் கடைசியாகச் சொன்ன குறை.

அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். கட்டில் விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுத்து மறுபக்கம் வாங்கி மடிக்கிற வேலை. இருபது வருஷத்தில் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. அடுப்பிலிருக்கும் மூடியைத் துணி இல்லாமலே எடுப்பாள். இந்த நாலு மாதத்தில் அந்த மரப்பு விரலிலிருந்து மேலே ஏறி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது போல இருந்தது. செத்தவர் வீட்டில் அழ ஒரு நாள் இருக்கிறது, ஓய ஒரு நாள் இருக்கிறது. காணாமல் போனவர் வீட்டில் எதற்கும் நாள் கிடையாது. அவள் காலையில் வேலைக்குப் போனாள், சாயங்காலம் வந்தாள், சோறு வடித்தாள். அக்கம்பக்கத்தார் முதலில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். பிறகு வேவு பார்க்கிற முகத்தோடு வந்தார்கள். பிறகு வரவில்லை.

வருஷக் கடைசி விடுமுறைக்கு ஊரே மூன்று நாள் கதவை மூடிக்கொள்ளும். அதில் நடு நாள் சாயங்காலம் டிரைவர் வீட்டில்தான் குடும்பத்துக்கே சாப்பாடு. இருபத்தாறு வருஷமாக அதே சமையல். பூசணி சூப்பு, வயிற்றுக்குள் பொதி வைத்து ஓவனில் சுட்ட முழுக்கோழி, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, முந்திரி திராட்சை கலந்த சோறு, கடைசியில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றிய புட்டிங். இந்த வருஷம் வேண்டாம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. தானாக நின்றுவிடும் என்று இருந்தாள். ஆனால் மூன்று நாள் முன்னாலேயே பெரியக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

பெரியக்கா டிரைவருக்கு மூத்தவள். தையல் மெஷினே கதி என்று இருந்து இரண்டு தம்பிகளையும் வளர்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபதைத் தாண்டியும் நாக்கு மட்டும் இன்னும் ஊசிதான்.

"என்ன, கோழி சொல்லியாச்சா?" என்றாள் செருப்பைக் கழற்றும்போதே.

"இல்லக்கா. இந்த வருஷம்..."

"இந்த வருஷத்துக்கு என்ன? அவன் எங்க இருந்தாலும் அன்னிக்கு வந்துடுவான். வயித்துக்கு வஞ்சனை பண்றவனா அவன்? ஒரு வருஷம் காய்ச்சல்ல கெடந்தானே, ஞாபகம் இருக்கா? போர்வையப் போத்திக்கிட்டு வந்து ஒக்காந்து கோழிக்கால் கேட்டான். வந்து நிக்கும்போது அடுப்பு அணைஞ்சு கெடந்தா என்ன நெனைப்பான்?"

அவள் மறுநாளே போய்க் கோழிக்காரரிடம் சொன்னாள். "எப்பவும் போல அதே சைஸுதானேம்மா?" என்றார் அவர். அதே சைஸ்தான் என்றாள்.

*

விருந்து நாளன்று விடியும்போதே மழை தூறிக்கொண்டிருந்தது. சமையலறை ஒரு ஆள் திரும்புகிற அகலம். ஜன்னலைத் திறந்தால் டிப்போவின் பின்சுவர். விடுமுறை என்பதால் பஸ்கள் பாதிக்குப் பாதிதான் ஓடின. முந்தின நாளே கோழியைக் கழுவி, உப்பும் மிளகும் பூண்டும் எலுமிச்சையும் தடவி ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் இரண்டு கிலோ வெங்காயம் உரித்தாள். பூசணியைப் பிளந்து விதை நீக்கினாள். கறியைக் கொழுப்புத் தள்ளித் துண்டு போட்டாள். காய்ந்த ரொட்டியை உதிர்த்து, ஈரலைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கி, திராட்சை கலந்து பொதிக்கு வைத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. அவள் பக்கத்தில் நின்று பார்ப்பவள் போல இருந்தாள்.

பெரியக்கா முக்காலியில் உட்கார்ந்து முந்திரியை இரண்டாக உடைத்துக்கொண்டே பேசினாள்.

"சட்டை ஒண்ணு தச்சுக் கொண்டாந்திருக்கேன் அவனுக்கு. காலர் பழைய அளவுதான். எளைச்சிருப்பானோ என்னவோ."

"ம்."

"நீ ஒண்ணும் பேச மாட்டேங்கற."

"என்னக்கா பேசறது?"

"அதுவும் சரிதான். முப்பது வருஷம் கழிச்சுப் புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன பேச்சு இருக்கும்னு எனக்கென்ன தெரியும். நான் மெஷினோட பேசினவ." முந்திரி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "அவன் பேசுவானா வீட்ல?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "கேட்டா சொல்லுவாரு."

"நீ கேப்பியா?"

"நானும் நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போறவதானேக்கா."

பெரியக்கா எழுந்து குளிக்கப் போனாள். பத்து மணி இருக்கும். குழம்புக்கு வெங்காயமும் கறியும் வதங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து அடுப்பில் புட்டிங்குக்குச் சர்க்கரை உருகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் கோழியின் வயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் பொதியைத் திணித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசறோம்மா. காணோம்னு புகார் கொடுத்தது நீங்கதானே? ரிட்டையர்டு பஸ் டிரைவர்?"

"ஆமாங்க."

"ஆள் கெடைச்சுட்டாரும்மா. நல்லா இருக்காரு. வேற ஊர்ல ஒரு ஹோட்டல்ல வேலை பாக்கறாரு. அங்க வேலையாளுங்க விவரம் சரி பாத்தப்போ நம்ம புகாரோட பொருந்திச்சு."

அவள் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"கேக்குதாம்மா?"

"கேக்குதுங்க. என்ன வேலை?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "காய்கறி நறுக்கற வேலைன்னு போட்டிருக்கு."

"எந்த ஊருங்க?"

"அது சொல்லக் கூடாதும்மா. யாரும் கடத்திட்டுப் போகல, சொந்த விருப்பத்துல போயிருக்காரு. வீட்டுக்குத் திரும்பறதா இல்லன்னும், விலாசம் தர வேணாம்னும் எழுதிக் கொடுத்திருக்காரு. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"ஏதாவது சொல்லச் சொன்னாருங்களா?"

போலீஸ்காரர் கொஞ்சம் தயங்கினார். இளவயதுக் குரல்தான். "அங்க உள்ளவங்க கேட்டிருக்காங்கம்மா, வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாராம். அப்புறம் ஒண்ணும் இல்லன்னுட்டாராம்."

"சரிங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க. ஃபைலை மூடிடலாம். லீவு நாளும் அதுவுமா தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. நல்ல சேதியாச்சேன்னு உடனே கூப்பிட்டேன்."

"நல்லதுங்க," என்றாள் அவள்.

போனை வைத்தபோது சர்க்கரை கருகிக் கசப்பு வாசம் வீசியது. அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள். மறுபடி சர்க்கரை வைத்தாள். குழம்பில் தண்ணீர் ஊற்றினாள், கிழங்கைப் போட்டாள், மூடினாள். கோழிக்கு மீதிப் பொதியைத் திணித்து, வயிற்று வாயை ஊசி நூலால் தைத்தாள். தையல் நேராக வந்தது. சொல்லக் கூடாது என்று அவள் முடிவு எதுவும் எடுக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. பெரியக்கா ஈரத் தலையோடு வந்து, "யாரு போன்ல?" என்றாள். "வேலை இடத்துலேருந்து" என்று வாய் தானாகச் சொன்னது.

*

மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். எண்ணிக் கொடுப்பது போலத்தான் பேசுவார். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்றார். மகள் நேராகச் சமையலறைக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தூங்கினியாம்மா?"

"தூங்கினேன்."

"எதுக்கும்மா இத்தனையும்? அத்தை சொன்னா நீ செஞ்சுடறதா?"

"கையைக் கழுவிட்டு வா. கிழங்கு இன்னும் நாலு உரிக்கணும்."

மகள் உரித்தாள். தோலைத் தடிமனாகச் சீவினாள். வேறு வருஷமாக இருந்தால், கிழங்கை உரிக்கச் சொன்னால் பாதியைக் குப்பைக்குக் கொடுக்கிறாய் என்று அம்மா சொல்லியிருப்பாள். இன்று சொல்லவில்லை. மகள் அதைக் கவனித்தாள்.

மூன்று மணிக்குக் கொழுந்தன் ஸ்கூட்டரில் மழைக்கோட்டோடு வந்தான். டிரைவருக்குப் பத்து வயசு இளையவன். வயரிங் வேலைக்காரன். பெண்சாதியை இழந்து ஆறேழு வருஷம் ஆகிறது. பழைய ஓவன் ஒவ்வொரு வருஷமும் இதே நாளில் மக்கர் பண்ணும். அவனும் ஒவ்வொரு வருஷமும் திருப்புளியோடு வந்து, "இதைக் கடாசிட்டு வேற வாங்குங்க" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே சரிசெய்வான். இந்த வருஷமும் கழற்றினான், துடைத்தான், மாட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. கம்பி சிவந்ததும் கோழி உள்ளே போயிற்று.

அவன் மெலிந்திருந்தான். இந்த நாலு மாதமும் அலைந்தது அவன்தான். அடையாளம் தெரியாத ஆண் பிணம், வயது அறுபதை ஒட்டி என்று எங்கே வந்தாலும் ஆஸ்பத்திரிப் பிணவறைக்காரர் அவனுக்குப் போன் செய்துவிடுவார். அவன் போய்ப் பார்ப்பான். இதுவரை பதினோரு தடவை போயிருக்கிறான். பெரியக்காவுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. அண்ணிக்கு மட்டும் சொல்வான். அதுவும் "இல்ல அண்ணி" என்ற இரண்டே வார்த்தை. அவளும் "சரி தம்பி" என்பாள். அதோடு சரி.

நாலரை மணிக்கு அவன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான்.

"யாருடா அது?" என்றாள் பெரியக்கா கூடத்திலிருந்து.

"வேலை விஷயம்க்கா. ஒரு வீட்ல கரண்ட் போயிடுச்சாம்."

சமையலறைக்கு வந்து குரலைத் தணித்தான். "ஒண்ணு வந்திருக்காம் அண்ணி. ஆத்தங்கரையில. ஆறு மணிக்குள்ள வந்துடறேன். தாமதமானா எனக்காகக் காத்திருக்க வேணாம், எல்லாருக்கும் போட்டுடுங்க."

"மழை பெய்யுதே" என்றாள் அவள்.

"பரவாயில்ல."

அவன் கூடத்தைக் கடந்து போவதை அவள் பார்த்தாள். மழைக்கோட்டை எடுத்து உதறினான். ஒரு கையை நுழைத்தான், மறுகையை நுழைத்தான். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். அவள் கோழி மேல் வெண்ணெய் ஊற்றும் கரண்டியோடு நின்றாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. ஈரத்தில் முதல் உதைக்குக் கிளம்பவில்லை. இரண்டாவது உதை, மூன்றாவது உதை.

கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் செருப்பில்லாமல் வெளியே போனாள்.

"போக வேணாம் தம்பி."

அவன் உதைப்பதை நிறுத்தினான். "ஏன்?"

"அது அவரு இல்ல."

"எப்படித் தெரியும்?"

"ஸ்டேஷன்லேருந்து போன் வந்துச்சு. இருக்காராம். வேற ஊர்ல, ஏதோ ஹோட்டல்ல வேலை பாக்கறாராம். வர மாட்டாராம்."

கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மழை அவன் தலையில் விழுந்தது.

"எப்ப வந்துச்சு போன்?"

"காலைல. பத்து மணிக்கு."

"நான் மூணு மணிக்கு வந்தேன் அண்ணி."

"ஆமா."

"ஒக்காந்து ஓவனைக் கழட்டி மாட்டினேன்."

"ஆமா தம்பி."

"இப்ப என்னைப் பொணம் பாக்க அனுப்பிட்டீங்களே."

"அனுப்பலியே. வந்துட்டேன்ல."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படப் போகிறான் என்று நினைத்தாள். பட்டால் நல்லது என்றும் நினைத்தாள். ஆனால் அவன் ஸ்கூட்டரின் கண்ணாடியை விரலால் துடைத்தான், மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தான்.

"ஒண்ணு சொல்றேன் அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க அந்த ஆள் துணியை வெலக்குவாரு பாருங்க, அப்ப ஒவ்வொரு தடவையும் எனக்கு, அண்ணனா இருந்துடட்டும்னு இருக்கும். முடிஞ்சு போயிடும்ல. இல்லன்னு தெரிஞ்சதும் சந்தோஷமா இருக்காது. ஐயோ இன்னொரு தடவை வரணுமேன்னு இருக்கும். கூடப் பொறந்தவன் நெனைக்கற நெனப்பா இது?"

"நானும்தான் நெனைச்சேன்" என்றாள் அவள். "நீங்க போயிட்டு இல்லன்னு சொல்லும்போதெல்லாம்."

டிப்போவிலிருந்து ஒரு காலி பஸ் வெளிச்சத்தோடு கிளம்பிப் போனது.

"உள்ள வாங்க. கோழி காஞ்சிடும்" என்றாள்.

*

ஆறு மணிக்கு இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஒரே விரிப்பாக விரித்தாள். மூலை மடிப்புகளை இழுத்துவிட்ட விதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் போல ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. பெரியக்கா தட்டுகளை வைத்தாள். ஐந்து பேருக்கு ஆறு தட்டு வைத்தாள். மாப்பிள்ளை அந்தத் தட்டைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்.

சூப்பு முடிந்தது. கோழி வந்தது, தோல் பொன்னிறமாக வெடித்து நெய் வழிந்தது. வழக்கமாக டிரைவர்தான் எழுந்து நின்று அதை அறுப்பார். அந்த ஒன்றுதான் அவர் இந்தச் சமையலில் செய்கிற வேலை. கத்தியை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள். அவர் ஆபரேஷன் செய்பவர் போல எங்கே வைப்பது என்று தடவிப் பார்த்தார். "மூட்டுல வைங்க மாப்பிள்ளை, அது ஒண்ணும் கடிக்காது" என்றான் கொழுந்தன். ஒருவாறு அறுத்தார். பெரியக்கா ஒரு காலை எடுத்து அந்த ஆறாவது தட்டில் வைத்தாள்.

குழம்பும் சோறும் வந்தன. எல்லோரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். மழையின் சத்தமும் கரண்டியின் சத்தமும்தான். வாசலில் யாரோ நடந்து போனபோது பெரியக்கா மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நடை தாண்டிப் போனது. அவள் மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"ஆறிடுமே" என்றாள். "ஒரு மூடி இருந்தா கொண்டாயேன்."

டிரைவர் மனைவி எழுந்திருக்கவில்லை. "அவரு வரலக்கா."

"வருவான். மழைல எங்கயாவது ஒதுங்கியிருப்பான்."

"இல்லக்கா. போலீஸ்லேருந்து சொன்னாங்க. உயிரோட இருக்காராம், நல்லா இருக்காராம். வீட்டுக்கு வர மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டாராம்."

மகளின் கரண்டி தட்டில் விழுந்தது. "அம்மா."

"காலைலயே சொல்லிட்டாங்க. எனக்குச் சொல்ல வரல."

பெரியக்கா நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். "தப்பான ஆளா இருக்கும். அவங்க ஆயிரம் பேரைத் தேடறாங்க."

"இல்லக்கா. பேரு, வயசு, டிப்போ நம்பர் எல்லாம் சரியா இருக்காம். ஏதோ ஹோட்டல்ல இருக்காராம். காய் நறுக்கற வேலை."

"யாரு?"

"அவருதான்."

"அவனா?" பெரியக்கா கொழுந்தனைப் பார்த்தாள். "காய் நறுக்கறானா? இந்த வீட்ல ஒரு நாள் ஒரு வெங்காயம் உரிச்சிருப்பானா அவன்?"

முதலில் சிரித்தவன் கொழுந்தன்தான். சிரிப்பா இருமலா என்று தெரியாத மாதிரி வந்தது. பிறகு மாப்பிள்ளை வாயைத் துணியால் மூடிக்கொண்டார். மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், அது நிற்கவில்லை, மாப்பிள்ளை அவள் முதுகில் கை வைத்துக்கொண்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கிலோ வெங்காயம் என்று நினைத்தாள். இன்று காலையில் மட்டும் இரண்டு கிலோ. முப்பது வருஷத்துக்கு எத்தனை மூட்டை. இத்தனை நாள் எங்கே பதுங்கியிருந்ததோ தெரியவில்லை, கோபம் சுள்ளென்று கிளம்பியது.

"எனக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பலியா?" என்றாள் பெரியக்கா.

"யாருக்கும் இல்லக்கா. கேட்டாங்களாம். யோசிச்சுட்டு ஒண்ணும் இல்லன்னாராம்."

"யோசிச்சானாமா?"

"கொஞ்ச நேரம் யோசிச்சாராம்."

பெரியக்கா அதைக் கொஞ்ச நேரம் மனசில் வைத்துப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது. "நீ என்ன பண்ணின அவனை? ஒரு மனுஷன் சும்மா போவானா?"

"அத்தை, போதும்" என்றாள் மகள்.

"இரு, கேக்கட்டும்" என்றாள் அவள். பெரியக்கா பக்கம் திரும்பினாள். "நான் ஒண்ணும் பண்ணலக்கா. நாலு மாசமா நானும் அதையேதான் தோண்டிப் பாக்கறேன். நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல. அவருக்கு வேணுங்கற எல்லாத்தையும் செஞ்சு வச்சேன். அவருக்கு என்ன வேணும்னு கேட்டதில்ல. அவரும் என்னைக் கேட்டதில்ல. இதுல யாரு தப்புன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா அவரு கால் இருந்துச்சு, போயிட்டாரு. போறேன்னு சொல்ல வாயும் இருந்துச்சு. அதைத் தொறக்கல. இந்தத் தம்பி நாலு மாசமா எங்கெங்க போய் நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அண்ணி" என்றான் கொழுந்தன்.

"பதினோரு பொணம் பாத்துட்டு வந்திருக்கு. இன்னிக்கும் ஒண்ணைப் பாக்கக் கெளம்பிச்சு. அவரு அங்க கத்தரிக்கா நறுக்கிட்டிருந்தாரு."

பெரியக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே வெகு நேரம் இருந்தாள். அவளுக்கு அழத் தெரியாது. தையல்காரிக்குக் கண் கலங்கினால் ஊசி கோக்க முடியாது என்று முன்பெல்லாம் சொல்வாள்.

பிறகு கையை எடுத்தாள். கரண்டியை எடுத்து ஒரு வாய் குழம்பு சாப்பிட்டாள். மென்றாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"குழம்புல உப்பே இல்ல" என்றாள்.

மகள் சாப்பிட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளை, "ஆமா" என்று முதல் தடவையாக வாய் திறந்தார். "ஆரம்பத்துலேருந்தே இல்ல."

"பின்ன ஏன் சொல்லல?"

"எல்லாரும் சாப்பிட்டாங்களேன்னு நானும் சாப்பிட்டேன்."

அவளும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு சிட்டிகைகூட இல்லை. அரை மணி நேரமாக ஐந்து பேரும் வெந்த தண்ணீரைச் சாப்பிட்டிருக்கிறார்கள். எழுந்திருக்கப் போனாள். பெரியக்கா அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"நீ இரு. தட்டுல போட்டா சேராது. கொதிக்க வைக்கணும்."

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. உப்பு ஜாடி எங்கே என்று கேட்கவில்லை, தானே தேடினாள். குழம்பு கொதித்துத் திரும்பி வந்தபோது தம்பி மனைவியின் தட்டில்தான் முதலில் ஊற்றினாள். பிறகு அந்த ஆறாவது தட்டை இழுத்து, கோழிக்காலை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தாள். முதல் பிணத்தைப் பார்த்த நாளிலிருந்து அவன் கறித்துண்டைத் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பிய்த்துச் சாப்பிட்டான்.

புட்டிங் நன்றாக வந்திருந்தது. அதை எல்லோரும் சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்ததும் கொழுந்தன் மழைக்கோட்டைத் தேடினான். "பிணவறை ஆளு எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாரு. போன்ல சொல்லிடலாம். ஆனா நாலு மாசமா ராவு பகல்னு பாக்காமக் கூப்பிட்ட மனுஷன். நேர்ல போய் இனி வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"அவரு சாப்பிட்டிருப்பாரா?" என்றாள் அவள்.

"லீவு நாள்ல கேன்டீன் ஏது?"

அவள் அடுக்குப் பாத்திரத்தை எடுத்தாள். கீழே சோறு, நடுவில் குழம்பு, மேலே கோழியின் மார்புப் பக்கத்தில் நல்ல துண்டாகப் பார்த்து இரண்டு. புட்டிங்கைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து மூடி, பழைய துணியில் சுற்றிக் கட்டினாள். சூடு கை வரைக்கும் வந்தது. வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். மழை விட்டிருந்தது, தாழ்வாரத்து நீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் பாத்திரத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தான். "நாளைக்கு ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு அண்ணி? நானும் வரேன்."

"வேணாம் தம்பி."

"தனியாப் போவீங்களா?"

"நீங்க பதினோரு தடவையும் தனியாத்தானே போனீங்க" என்றாள். "இது ஒண்ணு நான் போயிட்டு வரேன்."